கீழ்வாசலில் ஒரு காலித் தொட்டில்

இத்தாலியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில், டிசம்பர் பிறந்ததும் கீழ்வாசலில் பிரெசேபியோ வைத்துவிடுவார்கள். நாம் குடில் என்போமே, அதுதான். ஆடு, மாடு, இடையர், மரியாள், சூசை எல்லாரும் வந்தாயிற்று. நடுவிலிருக்கும் வைக்கோல் தொட்டில் மட்டும் காலி. நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் இரவில்தான் பாலன் இயேசு வருவார். மாடியேறுகிறவர்கள் அந்தக் காலித் தொட்டிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். நான் சுவரைப் பார்த்தபடி ஏறுவேன். இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம், எங்கள் தோட்டத்துக் கோயிலில், குடிலை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். திறக்கும்போது பாலன் உள்ளே இருப்பார்.

எனக்கு இது ஏழாம் மாதம். மூன்று வாரமாகக் குழந்தை வளரவில்லை. டாக்டர் வளர்ச்சி வரைபடத்தைக் காட்டி நீளமாக விளக்கினார். கேகாலையில் படவரைஞர் படிப்பு முடித்தவள் நான். எல்லாக் கோடுகளுக்கும் கீழே விழுந்திருந்த புள்ளிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிரசவத்துக்கு வாங்கி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலில் பதினெட்டுப் பொருட்கள். ஒன்றுக்கு எதிரிலும் நான் சரி போடவில்லை.

நாங்கள் எதுவும் வாங்காததை மேல்மாடிக் கார்லா அம்மையார் கவனித்துவிட்டார். "பிறந்த பிறகுதான் வாங்குவோம்" என்றேன். எங்களுக்கு வசதியில்லை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாளே தன் பேரனின் தொட்டில் கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து, எட்டுத் திருகாணிகளோடு சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் போனில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏன்டி அத வீட்டுக்குள்ள விட்ட? அவங்க வீட்டுலயே வச்சிக்கச் சொல்லு. கட்டிலு என்ன, தனியா இருக்கப் பயந்து அழுவுதா?"

"பூட்டலம்மா. வெறும் பலகையாத்தான் கெடக்கு."

"பூட்டாத. ஒங்கப்பா அவசரப்பட்டு நம்ம பட்டது போதும்."

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவுக்கு எட்டாம் மாதம். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா, ஆசை தாங்காமல் எங்கள் லயத்து வரிசை வீட்டின் கூரைமரத்தில் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டினார். ஆளில்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றே அவிழ்க்கச் சொன்னார் அம்மா. அதற்குள் நான் அதை ஆட்டிப் பார்த்துவிட்டேன். தம்பி அழாமலே பிறந்தான். லயத்துப் பெண்கள் அப்பாவை ஏசினார்கள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஆட்டியது நான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று படித்த மூளைக்குத் தெரிகிறது. பட்டியல் அப்படியேதான் இருக்கிறது.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, கார்லா அம்மையார் குடிலில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தெரிந்த இத்தாலியச் சொற்களைக் கோத்துக் கேட்டேன்: "குழந்தை வராவிட்டால்?"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதே. பாலன் சுரூபம் என் மேசை லாச்சியில்தான் பத்திரமாக இருக்கிறது."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு முதல் தடவையாக அந்தத் தொட்டிலை நேராகப் பார்த்தேன். வைக்கோல் புதிதாக இருந்தது. திருவருகை என்றால் நம்பிக்கை என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என்னிடம் அது மிச்சமில்லை. வராமலே போகக்கூடிய ஒருவருக்கு இடம் போட்டுவிட்டு, அதிலிருந்து முகத்தைத் திருப்பாமல் நிற்க முடியுமா என்று மட்டும் பார்க்கலாம் என்று தோன்றியது.

அன்று பின்னேரம் இரண்டு பக்கங்களைச் செங்கோணமாக நிறுத்தி, இரண்டு திருகாணிகளால் பூட்டினேன். அதற்குமேல் கை போகவில்லை.

"மிச்சம்?" என்றார் கணவர்.

"திங்கக்கெழம ஸ்கேன் முடியட்டுங்க."

அறை மூலையில் இப்போது பாதிக் கட்டில் திறந்தபடி நிற்கிறது. மிச்சப் பலகைகளைச் சுவரில் சாய்த்து, அம்மாவின் பழைய சேலையால் மூடியிருக்கிறேன்.