உப்புக் கரித்த கணவாய் ஓடு

உருகிய பித்தளை தெறித்ததும் என் மகள் நஸ்ரின் கண்ணைப் பொத்திக்கொண்டு "உம்மா!" என்று கத்தினாள். தோல் பைக் கடை முதலாளி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, என்னை அக்கா முறை வைத்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"என்ன ராத்தா, பக்கிள் பழுதாப் போச்சா?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

மாம்புரியில், வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில்தான் என் வார்ப்பு வேலை. பெல்ட் பக்கிள், கைப்பைக்கு மீன், சங்கு வடிவப் பூட்டு எல்லாம் செய்வேன். முதலாளி அவற்றைத் தோலில் தைத்துக் கல்பிட்டி ஹோட்டல் கடைகளுக்குக் கொடுப்பார். அச்சுக்குக் கணவாய் மீனின் வெள்ளை ஓடு. இரண்டு ஓடுகளைத் தேய்த்துத் தட்டையாக்கி, நடுவில் மாதிரியை வைத்து அழுத்தினால் மெத்தென்று பதியும். பிறகு மாதிரியை எடுத்துவிட்டு, ஓடுகளைக் கம்பியால் கட்டி, சிரட்டைக்கரி அடுப்பில் உருக்கிய பித்தளையை ஊற்றுவேன்.

கடற்கரையில் பொறுக்கிய ஓட்டில் உப்பு இருக்கும். கிணற்று நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்த பிறகுதான் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு காய்ந்தாலும் கடற்காற்றிலிருந்து அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கையில் எடுத்தால் காய்ந்ததுபோலவே இருக்கும். உள்ளே ஈரமிருந்தால் ஊற்றும் பித்தளை நீராவியோடு திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

அன்று ஹோட்டல் ஓடர் அவசரம் என்று முதலாளியே ஒரு பை ஓடு கொண்டுவந்தார்.

"கிணத்துத் தண்ணீல ஊறப் போட்டதா?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், எல்லாம் செஞ்சாச்சி. சும்மா கலகலண்டு காஞ்சி ஈக்கி. நீங்க ஊத்துங்க."

வழக்கம்போல அடுப்போரம் சூடாக்கித்தான் ஊற்றினேன். இரண்டு கை தள்ளியிருந்து நஸ்ரின் அரத்தால் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனைக்குப் படிக்கும் பிள்ளை. தெறித்த ஒரு துளி அவளுடைய மூக்குக் கண்ணாடியில், கருவிழிக்கு நேரே விழுந்து பிளாஸ்டிக் வில்லையை உருக்கிப் பள்ளமாக்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"கண்ணாடி போட்டுத்தானே ஈந்திச்சி புள்ள. அல்லாட காவல்" என்றார் முதலாளி. "மத்த ஓட்டுல ஊத்துவமா?"

அல்லாஹ்வின் காவலைப் பேச இவருக்கு என்ன வாய் இருக்கிறது? அவர் போனதும் பையிலிருந்த ஓடு ஒன்றை நாக்கில் வைத்தேன். கடல்நீரைக் குடித்ததுபோல் கரித்தது. ஒரு வாளித் தண்ணீர்கூடக் காணாத ஓடு.

பிறகு ஒருநாள் புதுப் பையோடு வந்தார்.

"இந்த முற நல்லா ஊறப் போட்டது ராத்தா."

ஓர் ஓட்டை எடுத்து நீட்டினேன். "நக்கிப் பாருங்க."

"என்ன ராத்தா, நான் என்ன ஆடா?" என்று சிரித்தார்.

பள்ளம் விழுந்த கண்ணாடியை எடுத்து அவர் முன் வைத்தேன். "அப்ப இதப் போட்டுக்கிட்டு நஸ்ரின் ஈந்த எடத்துல ஈரிங்க. நான் ஊத்துறன்."

கண்ணாடியையும் பார்த்தார், அடுப்பையும் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, எவருடைய "ஓம் ஓம்" என்ற பேச்சையும் நம்பி ஊற்றாதீர்கள். முதலில் ஓட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கொண்டுவந்தவருக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.