எட்டாம் பக்கத்துச் சட்டி

வாடிப்பட்டியில் ஒரு சின்ன நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசிப்பவன் நான். கொரியக் குடும்பம் ஒன்று கூடிச் சமைக்கும் புத்தகத்தை எட்டாம் பக்கத்தில் நானே கெடுத்தேன். பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வேலையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்ற மரியாதையெல்லாம் செல்லாது.

சிவப்புக் கையுறை

முதல் பக்கங்கள் நன்றாகத்தான் போயின. அம்மா, அத்தை, அப்பா எல்லாரும் தரையில் உட்கார்ந்து, மலைபோல் கிடக்கும் முட்டைக்கோசுக்கு மிளகாய் விழுது தடவுகிறார்கள். ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டுப் புளிக்க வைப்பார்கள் என்றேன். ஒருத்தரும் வாய் பிளக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிளகாய் புதுசா? பெரியவர்கள் முழங்கை வரை சிவப்பு ரப்பர் கையுறை மாட்டியிருந்ததுதான் இடித்தது. தர்ஷினி, நாலாம் வகுப்பு, வாயை மூடவே மாட்டாள், எழுந்து கேட்டாள்: “ஊறுகா போடுறாங்களா, ஆபரேசன் பண்றாங்களா தாத்தா?”

எட்டாம் பக்கம்

நடுவில் கொதிக்கிற குழம்புச் சட்டி. சுற்றி ஆறு பேர். ஆளாளுக்குத் தன் ஸ்பூனை அதிலேயே விட்டு வாயில் வைக்கிறார்கள், திரும்ப விடுகிறார்கள். பேசாமல் திருப்பியிருக்கலாம். சிரிப்புக் காட்டுகிறேன் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, எச்சில் சோறு என்றேன். அம்புட்டுப் பேரும் மூக்கைப் பிடித்துச் சிரித்தார்கள், முன்வரிசை நஸ்ரினைத் தவிர. அவளும் தர்ஷினி வகுப்புத்தான். தர்ஷினியாவது சும்மா இருந்திருக்கலாம். இல்லை. “நஸ்ரினோட அக்கா கல்யாணத்துலயும் ஒரே தாம்பாளத்துல நாலு பேரு கைவச்சுச் சாப்பிட்டாங்க, நான் பாத்தேன்.”

தையல் கடை

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நஸ்ரின் வரவில்லை. முதல் வாரம் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபம். இரண்டாம் வாரம் அவள் அப்பாவின் தையல் கடைக்குப் போனேன். மெசினை நிறுத்தி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, வரும் சனிக்கிழமை அதே பிள்ளைகள் முன்னால் சொல்கிறேன், அவளை அனுப்புங்கள் என்றேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். “புத்தகம்னா உசுர விடுற பிள்ள, ஏன் வரமாட்டேங்குதுன்னு இப்பத்தான் தெரியுது சார்.”

மறுபடி அதே பக்கம்

வந்தாள். கதவோரம் உட்கார்ந்தாள். எட்டாம் பக்கத்தை விரித்துப் பிடித்தேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, ஒரே சட்டியில் சாப்பிடுவது அவர்களுக்கு நெருக்கம் என்றேன். நாற்பது வருசம் வகுப்பெடுத்த குரல். பிள்ளைகள் தலையாட்டின. ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. நஸ்ரின் எழுந்து வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

அப்போது தர்ஷினி, யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள். அந்தக் கல்யாணத்தில் தானும் அந்தத் தாம்பாளத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்தாளாம். கூட இருந்த மூன்று பேரும் கறித்துண்டை எல்லாம் அவள் பக்கமே தள்ளிவிட்டார்களாம். தனித்தட்டு என்றால் யார் தள்ளுவார்கள் என்று எங்களையே கேட்டாள். பிள்ளைகளுக்கு எச்சில் மறந்துவிட்டது. கோழியா ஆடா, எத்தனை துண்டு என்று விசாரணை. நஸ்ரின் திரும்பி வந்து தர்ஷினியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அம்புட்டையும் தின்னுட்டுத்தான அன்னைக்கு மூக்கப் பிடிச்ச?”

ஆக, வாத்தியார் கெடுத்த பக்கத்தைச் சரிபண்ணியது, என் வகுப்பில் இருந்திருந்தால் பேசியதற்காகவே தினமும் நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கக்கூடிய தர்ஷினி.