எலிகள் மேல் போட்ட பழி

ஊதாச் சாயம் ஏறிய எலியின் விரைத்திசுவை அக்காவுக்கு நுண்ணோக்கியில் காட்டிய அந்தப் பிற்பகல் இன்னும் கண்ணில் நிற்கிறது. விந்துக்குழாயைக் கட்டிவிட்ட எலிகளுக்கு விந்தணு உற்பத்தி என்ன ஆகிறது என்று காரைக்கால் கல்லூரியொன்றில் நான் ஆராய்ந்துகொண்டிருந்த காலம். "கட்டினப்புறமும் உள்ள வேலை நடக்குதேடி!" என்று வியந்தாள் அக்கா. பெரும்பாலான எலிகளில் நடக்கத்தான் செய்தது. உருவான விந்தணுக்கள் வெளியேற வழியின்றி உடலுக்குள்ளேயே கரைந்தன. சிலவற்றில் மட்டும் உள்குழல்கள் சுருங்கி, உற்பத்தி குறைந்திருந்தது. ஆண்மைச் சுரப்பு எதிலும் குறையவில்லை.

அக்காவுக்கு அப்போது மூன்று பிள்ளைகள். இதய வால்வில் கோளாறு. இன்னொரு கர்ப்பத்தை உடம்பு தாங்காது, அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வதும் ஆபத்து என்று டாக்டரம்மா அத்தானிடமே சொல்லிவிட்டார். "நீங்க பண்ணிக்குங்க. மரத்துப்போக ஊசி போட்டு, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிக்காரர்களை அதட்டி வேலை வாங்கும் அத்தானுக்கு, அந்த ஊசியை நினைத்தாலே வியர்த்தது. எலிகளைப் பற்றி என்னிடம் விசாரித்தார். கண்டதையெல்லாம் சொன்னேன். எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்றில்லை, குழந்தையே வேண்டாம் என்றபின் விந்தணு குறைந்தால்தான் என்ன நஷ்டம் என்றும் கேட்டேன். அவர் காதில் ஏறியது ஒரு சொல்தான். மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில், எங்கள் அப்பாவின் முன்னால் வைத்தே அக்காவிடம் சீறினார்: "சுருங்கிப் போவுதுன்னு உன் தங்கச்சியே சொல்றா. என்னையும் எலியாக்கப் பாக்குறீங்களா?"

நான் கத்தினேன். "பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கென்ன?" என்று அப்பா என்னைத்தான் அடக்கினார். அத்தான் ஆபரேஷனும் செய்துகொள்ளவில்லை, விலகியும் இருக்கவில்லை. நான்காவது பிரசவத்தில் அக்கா இறந்தாள், குழந்தையும் தங்கவில்லை. எல்லாம் விதி என்று அழுதார் அத்தான். விதியாம்! ஊசிக்குப் பயந்தவரின் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது.

மறுவருஷமே வேறு கல்யாணம். புது மனைவி ஒரு குழந்தையோடு நிறுத்தி, பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, ஆபரேஷன் செய்தால்தான் வருவேன் என்றாளாம். செய்துகொண்டார்.

போன மாதம் காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் அத்தானைப் பார்த்தேன். பெரிய கூடையொன்றை அலுங்காமல் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு என்னிடம் சிரித்தார்.

"நீ சொன்னது சரிதான் புள்ள. ஒண்ணுமே ஆவல."

"அக்கா செத்துப்போனா, அத்தான்" என்றேன்.

ஏலக்காரர் குரல் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னேன்.