வசீலா சொன்ன மூன்றாவது மென்பொருள்

நிறுத்து மன்னூபியா. துணியைப் பிழிகிற கையோடு ஒருத்தியின் பெயரையும் சேர்த்துப் பிழியாதே. புது மென்பொருள் பழகத் தெரியாததால் வசீலாவைப் பத்திரிகை ஆபீஸிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று படிக்கட்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாயே, நீ பார்த்தாயா? அவளை யாரும் துரத்தவில்லை. அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். நூறு தடவை கேட்டாலும் பதில் இதுதான்.

லஃபாயெத் தெருவில் இருக்கிற அந்தப் பெண்கள் மாத இதழுக்கு இருபத்திரண்டு வருஷம் பக்கம் அமைத்தவள் வசீலா. நம் கட்டடத்தில் மூன்றாம் மாடி, ஒற்றை ஆள். வெள்ளிக்கிழமை குஸ்குஸை ஒருத்திக்கு மட்டும் அவிக்க அவளுக்குக் கைவராது. மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு கதவு கதவாக வருவாள். நீயும் வாங்கித் தின்றவள்தான். மற்ற நாளெல்லாம் அவளுக்கு மனித முகம் என்றால் ஆபீஸ்தான்.

"லெல்லா வசீலா, என் கட்டுரை ரெண்டு வரி மிஞ்சுது. எப்படியாவது நுழைச்சிருங்க, உங்க கைக்கு முத்தம்!" என்று மரியாதைக்கு ஒரு லெல்லா போட்டு, காகிதத்தோடு யாராவது அவள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வரி குறைந்தாலும் வெற்றிடம் விடமாட்டாள். அரபி எழுத்தின் வாலை மெல்ல இழுத்து நீட்டி, ஒவ்வொரு வரியாகக் கையால் நிரப்புவாள்.

பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது என்று ஆனதும், ஆசிரியர் மொன்ஜி மூன்று மென்பொருள்களை அவள் மேஜையில் வைத்தார். "எதுன்னு நீயே சொல்லு வசீலா. நீ சொல்றதுதான் முடிவு."

அவள் வாசகர் கடிதப் பக்கத்தை எடுத்து மூன்றிலும் அமைத்துப் பார்த்தாள். முதலாவதில், சேர்ந்தே வரவேண்டிய அரபி எழுத்துகள் கைகோக்காமல், பஸ்ஸுக்கு நிற்கிற அந்நியர்கள்போலத் தனித்தனியாக நின்றன. இரண்டாவதில் எழுத்து சேர்ந்தது. ஆனால் வலமிருந்து இடமாகப் போகவேண்டிய பக்கங்கள் வரிசை திரும்பி, இதழின் கடைசிப் பக்கம் அட்டைக்கு வந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் எல்லாம் சரி. கடிதங்களை உள்ளே கொட்டியதும் எழுத்துகளைத் தானே இழுத்து நீட்டி வரிகளை நிரப்பிக்கொண்டது. அவளுக்கு அரை நாள் பிடிக்கிற பக்கம், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தத் தேநீரை அவள் குடிக்கவில்லை.

ஒரு பொய் போதுமாயிருந்தது, மன்னூபியா. அங்கே வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. இரண்டாவதைச் சொல்லியிருந்தால், பக்கங்களைத் திருப்பித் திருப்பி வைத்தே சாகும்வரை அந்த அறையில் இருந்திருப்பாள். ஒரு வாரம் அந்தப் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு அலைந்தாள். பிறகு போய், "மூணாவது. பக்கத்தை அதுவே அமைச்சுக்கும்" என்றாள்.

மொன்ஜி கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சியா? அது வந்தா, அப்புறம் நீ..."

"பக்கம் நல்லா வரணும்னுதானே கேட்டீங்க மொன்ஜி ஐயா? நல்லா வருது."

"வேற ஒண்ணைச் சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேனே. எனக்கு இதுல என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னுதான் என்னால பொய் சொல்ல முடியல."

அதற்குப் பிறகு கட்டுரை எழுதியவர்களே தங்கள் பக்கத்தை அமைத்துக்கொண்டார்கள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சம்பளம் வந்தது, கதவுதான் தட்டப்படவில்லை. பகல் சாப்பாட்டு ரொட்டியைக் கணினித் திரைக்கு முன்னால் தனியாகத் தின்றாள். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நிமிர்ந்து உட்காருவாள்.

புது இதழ் அச்சாகி வந்த அன்று காலை அட்டை முதல் அட்டை வரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு பிழையாவது இருந்தால் போய்ச் சொல்லலாமே! ஒன்றும் இல்லை. இதழை மூடி வைத்தாள். தேநீர்க் கோப்பையைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். விளக்கை அணைத்தாள்.

வாசலில் காவலாளி ஹெதி எழுந்தார். "என்ன லெல்லா, இந்த நேரத்துல? உடம்பு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல ஹெதி. வேலை முடிஞ்சிருச்சு."

காலை பதினோரு மணி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நேரத்து வெயிலை அந்தத் தெருவில் அவள் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.