ஓங்கிச் சொன்ன திங்கட்கிழமை

முகப்பேரில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டுப் பெண் காசெட் போட்டு இங்கிலீஷ் பேசப் பழகுகிறாள். ஒரே வாக்கியத்தை ஒரு வெள்ளைக்காரி நாலு தடவை சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு சொல்லை அழுத்துகிறாள், அர்த்தமும் மாறிவிடுகிறதாம். நேற்று அதைக் கேட்டுக்கொண்டே காப்பியை ஆறவிட்டுவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய காசெட் அது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஆவடி ராணுவக் கிடங்கில் நான் குமாஸ்தா. எங்கள் கொட்டகையில் எப்போதும் புதுத் தார்ப்பாய் வாசனை. இன்றைக்கும் லாரியை ஒட்டி நடந்தால் அந்த வாசனை அடிக்கும், எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். அங்கே இங்கிலீஷ் தெரிந்த தமிழன் நான் ஒருத்தன்தான் என்பதால், துரை சொல்வதைக் கூலியாட்களுக்குச் சொல்லும் வேலையும் என் தலையில். பெருமை தாங்கவில்லை, அந்த வெயிலில் கோட்டு வேறு.

பூந்தமல்லியில் எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார் எந்த இங்கிலீஷ் வாக்கியத்தையும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே மட்டத்தில் வாசிப்பார். பாவம், அவரும் வெள்ளைக்காரன் வாயால் கேட்டவரில்லை. வினைச்சொல்லைப் பிடித்தால் போதும் என்பார். நமக்கும் அதுதானே வழக்கம்? எதையாவது அழுத்த வேண்டுமென்றால் ஒரு 'தான்' போடுவோம், ஓர் ஏகாரம் போடுவோம். குரலை ஏற்றினால் கோபம் என்று எடுத்துக்கொள்வோம்.

நூம்பலிலிருந்து மூட்டை தூக்க வருகிறவர் கன்னியப்பன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு பண்ணை வேலை; கிடங்குக்கு வந்த பிறகுதான் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரிகிறது என்பார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துரை அவரைக் காட்டி, "ஐ டோன்ட் நீட் ஹிம் மண்டே" என்றார். மண்டேயை மட்டும் ஓங்கிச் சொன்னார். நான் 'டோன்ட் நீட்'டைப் பிடித்துக்கொண்டேன். ஓங்கியது கோபம் என்று நினைத்தேன்.

"திங்கக்கெயமலேர்ந்து நீ வேணாங்கறாரு."

"நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

திருப்பிக் கேட்டால் எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று தெரிந்துபோகுமே. "கேட்டுட்டேன், அவ்ளோதான்" என்றேன். துரையிடம் நான் வாயே திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சரக்கு வண்டி வந்ததும் துரை, கன்னியப்பன் எங்கே என்று கேட்டார். திங்கட்கிழமை வண்டி இல்லை, அன்றைக்கு மட்டும் ஆள் வேண்டாம், மறுநாள் வரட்டும். ஓங்கிச் சொன்ன அந்த ஒரு சொல்லில் இவ்வளவும் இருந்திருக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நூம்பலுக்கு விரைந்தேன்.

அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள்.

"ஆள் புடிக்கிறவன் நாலு மாசமா வந்துகினு இருந்தான். இங்க வேலை கீதுன்னு மாட்டேன்னாரு. நேத்து அவனோட பூட்டாரு, அசாம் ரோட்டு வேலைக்கு." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அவரு இன்னா தப்பு பண்ணாருன்னு தொரை சொன்னாரா?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா" என்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

கன்னியப்பன் திரும்பவில்லை. அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். சண்டை முடிந்தது, துரை ஊருக்குக் கப்பலேறினார், கொட்டகையைப் பிரித்தார்கள். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு நான் நூம்பலுக்குப் போனபோது அந்தக் குடிசை இல்லை. அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று சொல்லவும் ஆளில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். தன் அப்பா ஏதோ தப்பு செய்துதான் வேலை போனது என்று அது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும்.