ராகி நிரப்பிய தலையணை உறை

ராகியைக் கொட்டி வாய் தைத்த பழைய தலையணை உறை ஒன்றை மார்போடு அணைத்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பாள் என் மனைவி. நின்று மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டு, மறுபடி உட்காருவாள். கோணி ஊசியால் அந்த உறையைத் தைத்துக் கொடுத்தவன் நான்தான்; அவளால் ஊசி பிடிக்க முடியாது. ஓசூர் வீட்டுவசதிக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீடு. முதல் ஷிப்ட் முடிந்து நான் திரும்பும் பிற்பகல்களில் கதவைத் தட்டினால் உடனே திறக்க மாட்டாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவாள். நெற்றி வேர்த்திருக்கும். "பிள்ளை தூங்குதா?" என்று கேட்டால், "எந்தப் பிள்ளையக் கேக்கறீங்க?" என்பாள். கேலிக்குத்தான் சொல்வாள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாமே என்று தோன்றும்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஓசூருக்கு வந்தேன். அவள் காவேரிப்பட்டினம், மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்க்கப் போன அன்று இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தவள், எங்களைப் பார்த்ததும் இரண்டையும் இறக்காமல் அப்படியே நின்று பேசினாள். அந்தத் தெம்பைப் பார்த்துத்தான் என் அம்மா தலையாட்டினாள். மகள் பிறந்த சில மாதங்களில் அந்தத் தெம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. ஓசூர்க் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தோம். பிரசவத்தில் உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். தைலம் காய்ச்சிக் கொடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு இரண்டும் வீங்கி வளையல் ஏறாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, இது முடக்குவாதம், உடம்பே தன் மூட்டுகளை எதிர்த்துக் கிளம்பும் நோய், மாத்திரையைக் காலம் முழுக்க விடக் கூடாது என்றார்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அவளை அழவைத்தது அசதிதான். வேலை செய்து களைத்துப்போகிறோமே, அந்த அசதி இல்லை இது. குளித்துவிட்டு வந்து தலை துவட்டக்கூடத் தெம்பில்லாமல் ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். குழந்தை தொட்டிலில் கத்தும். எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டுவாள், தாலாட்டுவாள், குனிந்து முத்தம் கொடுப்பாள், தூக்க முடியாது. மணிக்கட்டு தாங்காது. ஒருமுறை தூக்கப் போய், பாதியில் குழந்தை கை நழுவி விழப் பார்த்தது. அன்றோடு பயந்துவிட்டாள். அதன் பிறகுதான் அவளுடைய தங்கையை ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்துக்கொண்டோம். வாய்த்துடுக்கான பெண், ஆனால் அவள் இடுப்பில்தான் என் மகள் வளர்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

மகளுக்குக் காது குத்தியது காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில். மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி காது குத்தினார். வீறிட்டு அழுத குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. எல்லோருக்கும் முன்னால் நின்றவள் என் மனைவிதான். அவள் குனிந்தாள். குழந்தை அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு உடம்பை வளைத்துக்கொண்டு, பின்னால் நின்ற சித்தியை நோக்கிக் கையை நீட்டியது. யாரோ, "சித்திப் பிள்ளையாப் போச்சி இது," என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அதுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. என்கிட்ட கேட்டா கெடைக்காதுன்னு." அந்த வார்த்தை என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

குடியிருப்பின் சங்கக் கூடத்தில் யோகா டீச்சர் ஒருவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்; என் மனைவி அதில் சேர்ந்தாள். டீச்சருக்குக் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வீடு. பெங்களூரில் யோகா சிகிச்சை படித்தவர். பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் தலைகீழாக நின்று பரிசு வாங்கும் யோகா இல்லை அது. நாற்காலியில் உட்கார்ந்து விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவது, மூச்சோடு மணிக்கட்டைச் சுற்றுவது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு படுப்பது, இவ்வளவுதான். முதல் நாள் அவர் கேட்டாராம், உனக்கு எந்த வேலை செய்ய முடிந்தால் போதும் என்று. மற்ற பெண்கள் துணி பிழிய, மாவு பிசைய, படி ஏற என்று சொல்லியிருக்கிறார்கள். இவள், "பிள்ளையத் தூக்கணும்," என்றாள். டீச்சர் தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "ஆகும்மா. ஆனா நிதான, மெதுவா. நீ மாத்திரைய நிறுத்தினேன்னு தெரிஞ்சா மட்டும் நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்."

யோகாவால் தீராத நோயே இல்லை என்று பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், சும்மா கையைக் காலை ஆட்டுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரிடமும் எனக்குப் பொறுமை கிடையாது. நோய் தீரவில்லை. ஆனால் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்தபடி விரல் பயிற்சி செய்ய ஆரம்பித்த பிறகு, காலையில் விரல்கள் முன்பைவிடச் சீக்கிரம் மடங்கின. அசதி வந்த பிறகு படுக்காதே, வருவதற்கு முன்பே படு என்று டீச்சர் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பட்டப்பகலில் ஒரு பெண் கால் நீட்டிப் படுப்பதை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் சவாசனத்தில் படுப்பாள். "செத்தமாதிரி படுத்துக்கினு, இதுக்குப் பேரு வைத்தியமாக்கா?" என்று தங்கை கிண்டல் செய்வாள். இரவு ஷிப்ட் வாரங்களில் நான் பகலில் தூங்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் நான் குறட்டை விட, மறு பக்கம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே மிகவும் நிம்மதியான மணி நேரங்கள் அவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ராகி மூட்டை டீச்சரின் யோசனை. முதலில் வெறும் தலையணை, பிறகு கொஞ்சம் ராகி, பழகப் பழக இன்னும் கொஞ்சம். விரலால் பிடிக்கவே கூடாது. முன்கை இரண்டையும் அடியில் கொடுத்து, மார்போடு சேர்த்து, தொடையின் பலத்தில் எழுந்திருக்க வேண்டும். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் மூட்டையைத் தொடவே கூடாது. இதில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் மகள் சும்மா இருப்பாளா? வளர்ந்துகொண்டிருந்தாள். அங்கன்வாடியில் எடை பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் மூட்டையைப் பிரித்து ராகி சேர்ப்பாள் என் மனைவி. நான் மறுபடி தைத்துக் கொடுப்பேன். ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "பிள்ள எடை கூடியிருக்குதுன்னு ஆயா சந்தோஷமா சொல்றாங்க. எனக்கு பயமா இருக்குது. இப்பிடி ஒரு தாயி இருப்பாளாங்க?" நான் அடுத்த தையலைப் போட்டேன். பிள்ளை எடை கூடக் கூடத் தன் கையிலிருந்து விலகிப் போகிறது என்பது அவள் கணக்கு.

ஆனாலும் எட்டிப் பிடித்துவிட்டாள். மகளுக்கு இரண்டரை வயதிருக்கும். அவள் எடைக்கு ராகி நிரப்பிய மூட்டையோடு என் மனைவி சங்கக் கூடத்தில் எழுந்து நின்று, ஜன்னல்வரை நடந்து காட்டினாள். டீச்சர் கைதட்டினாராம். இனி பிள்ளை கேட்டால் போதும் என்று வீட்டுக்கு வந்தாள். பிள்ளை கேட்கவில்லை. அம்மாவிடம் கதை கேட்கும், அம்மா மடியில் தானே ஏறி உட்காரும், தூக்குவதற்கு மட்டும் சித்தியிடம் ஓடும். நீயாகவே தூக்கேன் என்றேன். "வாணாங்க. அதுவா கேக்கணும்," என்றாள். அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

அடுத்த வைகாசியில் தங்கை கல்யாணமாகி மத்தூருக்குப் போய்விட்டாள். குழந்தை சில நாள் வீடு முழுக்கச் சித்தியைத் தேடியது. அப்புறம் மழைக்காலம் வந்தது. மழை நாட்களில் என் மனைவிக்கு எப்போதும் கொஞ்சம் மோசம். அந்த வாரம் ரொம்ப மோசம். வலது மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருந்தது. டீச்சர், ஒரு பயிற்சியும் வேண்டாம், மூச்சு மட்டும் பார் என்று சொல்லியிருந்தார். ஒரு மாலை வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். மகளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். கட்டிலிலிருந்து தானே இறங்கி, கண் செருகத் தள்ளாடிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்னைக் கடந்து போனாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி நீட்டினாள்.

ஈரக் கையோடு ஓடினேன். "இரு, நான் தூக்கறேன்," என்றேன். "நீங்க வுடுங்க," என்றாள் என் மனைவி. என்னைப் பார்க்கவே இல்லை. முன்கை, தொடை, மூச்சு, பழகியது எதுவும் அப்போது அவளுக்கு நினைவில் இல்லை. எல்லாத் தாய்மாரையும்போல் குழந்தையின் அக்குளில் விரல்களைக் கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்தில் வலி தெரிந்தது. அதைவிட அதிகமாக இன்னொன்றும் தெரிந்தது. அதற்கு முன்போ பின்போ அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வாங்கிக்கொள்கிறேன் என்று நான் பின்னாலேயே போனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். குழந்தை தூங்கி, உடம்பு வேர்த்துக் காய்ச்சல் இறங்கிய பிறகும் அவள் நடப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கித் தொங்கின. வலிக்கவில்லை என்றாள்; நிமிர்த்தத்தான் முடியவில்லை. பெங்களூரில் கை டாக்டர் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நரம்புபோல ஓடும் தசைநார் அறுந்திருக்கிறது, வீக்கத்தில் உராய்ந்து உராய்ந்து ஏற்கெனவே நைந்துபோயிருக்கும், எப்போது வேண்டுமானாலும் அறுந்திருக்கும் என்றார். அறுவை சிகிச்சை செய்தும் விரல்கள் சரியாக நிமிரவில்லை. விஷயத்தைக் கேட்டால் யோகா டீச்சர் திட்டுவார் என்று பயந்துகொண்டு போனோம். அவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சொன்னாள்: "பிள்ளைக்கி இது தெரியவே கூடாது. தன்னாலதான்னு நெனச்சிக்கும்." சரி என்றேன். இரண்டு விரல் போனதற்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு குழந்தையைத் தூக்க முடியவில்லை. குழந்தையும் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்டது.

ஒரு நாள் விடாமல் விரல் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் செய்துகொண்டுதான் இருந்தாள். எட்டு விரலுக்குச் செய்தால் போதும், சீக்கிரம் முடிகிறது என்று அதையும் கேலி செய்வாள். அந்த மூச்சுப் பயிற்சிதான் கடைசிவரை அவளுக்குத் துணையாக இருந்தது. ஏனென்றால் மூட்டில் இருந்த நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது. மகள் பத்தாம் வகுப்பு எழுதின வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். இத்தனை வருஷமாகியும் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுவதற்குக் கை தானாக எழும்புகிறது. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

போன மாதம் மகளின் தோழி ஒருத்தி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே மகள் கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்த விஷயத்தைச் சும்மா சரிபார்க்கிறமாதிரிதான் கேட்டாள்.

"அம்மா என்னத் தூக்குனதே இல்ல, இல்லப்பா?"

"தூக்கியிருக்கா, ஆத்தா."

கழுவுவதை நிறுத்திவிட்டாள். "நெஜமாவா? எனக்கு ஞாபகமே இல்லையே?"

"காய்ச்சல்ல கெடந்த நீ."

விரல்களைப் பற்றி வாய்வரை வந்தது. கொடுத்த வாக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது. மகள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்.

"எவ்ளோ நேரம்பா வெச்சிருந்தாங்க?"

"நீ தூங்குனதுக்கு அப்புறமும் எறக்கல," என்றேன்.