காற்புள்ளி இல்லாமல் வந்த சக்களத்தி

1953 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. நுவரெலியாவில் விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை நடந்த அலுவலக வராந்தாவில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். இரண்டு தடவை எண்ணினேன்.

நாங்கள் மூன்று பேர். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர், கொழுந்து பறிக்கும் அவர் மனைவி, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நான். எனக்கு வயது இருபத்துமூன்று. அவருடைய மனுவோடு கொடுத்த ஆங்கிலக் கடிதத்தை எழுதியவன் நான்தான். இரண்டு பக்கம், முப்பத்தெட்டு வரி, ஓர் அடித்தல்கூடக் கிடையாது. பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்று அவர் கேட்டார். அதிகாரி என் ஆங்கிலத்தைப் பாராட்டினால் காதால் கேட்கலாமே என்று நானும் கிளம்பிவிட்டேன்.

இந்தியாவில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்திருப்பவருக்குப் பிரஜாவுரிமை கிடைப்பது கஷ்டம். அதனால் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். இவருக்கு மாமனாரும் மாமியாரும் மட்டும் திருச்சிப் பக்கம் இருந்தார்கள். அதை ஒளிக்காமல் எழுதியிருந்தேன்.

உள்ளே சிங்களப் பெரியவர் ஒருவர் அதிகாரி. பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருவர். அதிகாரி என் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவர், பதினாலாவது வரியில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் என்னவோ சொன்னார்.

"உனக்கு எத்தனை சம்சாரம்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஒண்ணுதாங்க ஐயா. இந்தா நிக்கிது."

"சம்சாரங்க எல்லாம் இந்தியாவுல இருக்கிறதாக் கடுதாசியில எழுதியிருக்கே."

அந்த அம்மா மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"எந்த ஊருலய்யா வச்சிருக்க? அப்பன் சாவுக்குப் போறேன்னு போயி மூணு மாசம் கெடந்தியே, அதுக்குத்தானா?"

மொழிபெயர்ப்பாளர் அதையும் எழுத ஆரம்பித்தார். அந்தப் பயணம் முன்பே மனுவில் இருந்ததால் பிழைத்தோம். அந்த மனிதர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் மேசைமேல் எட்டிப் பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

'என் மனைவியின் பெற்றோர்' என்பதற்கு 'மை வைஃப்ஸ் பேரன்ட்ஸ்' என்று எழுதியிருந்தேன். 'வைஃப்' என்பதற்கும் 'எஸ்' எழுத்துக்கும் நடுவில், தலைக்கு மேலே போடவேண்டிய காற்புள்ளியைப் போடவில்லை. தமிழில் மனைவி பெற்றோர் என்று சும்மா சொன்னாலே உரிமை விளங்கிவிடும். ஆங்கிலத்தில் அந்தக் கீற்று இல்லையென்றால் உரிமை பன்மையாகிவிடும். என் மனைவிகளும் பெற்றோரும் இந்தியாவில் இருக்கிறார்கள் என்று அதிகாரி வாசித்ததில் தப்பே இல்லை.

பிழை என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.  பல மனைவியர் என்றால் 'எஃப்' போய் 'வி' வரும், 'வைவ்ஸ்' என்றல்லவா எழுதியிருப்பேன் என்றேன்.

அவர் அசையவில்லை. "அந்த விதி உமக்கு அன்றைக்கே தெரியும் என்பதற்கு என்ன சாட்சி?" என்றார்.

 கடிதத்தைக் கெஞ்சி வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினேன். இரண்டாம் பக்கம், இருபத்தொன்பதாவது வரி. அவர் மனைவி ஒன்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள் என்று எழுதிய இடம். 'லீஃப்' என்ற சொல்லைப் பன்மையாக்கி, 'எஃப்'பை எடுத்துவிட்டு 'வி' போட்டு, 'லீவ்ஸ்' என்று சரியாக எழுதியிருந்தேன்! விரலை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு கடிதத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

அதிகாரி இரண்டு சொற்களையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். தன் பேனாவையே நீட்டி, காற்புள்ளியைப் போட்டு ஓரத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். பேனாவை அழுத்தியதில் அது காற்புள்ளியாக விழவில்லை, பயறளவு மைப்பொட்டாக விழுந்தது. அதற்கும் சிரித்தார்.

வெளியே வந்ததும் நடந்ததை அந்த அம்மாவுக்கு விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு புள்ளிய மறந்துட்டு எனக்குச் சக்களத்தியக் கொண்டாந்துட்டீங்களே, வாத்தியாரே" என்றாள். புருஷனைப் பார்த்து, "அப்படியே ஒருத்தி வந்தாலும் இவருக்கு ஒரு நாள் சோறு பொங்கிப் போட்டுட்டு மறுநாளே ஓடிருப்பா" என்றாள். தேத்தண்ணிக் கடை வரும்வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே நனைந்தோம்.

பதினோரு மாதம் கழித்து அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது.

இப்போதும் யாருக்காவது நாலு வரி எழுதிக் கொடுத்தால், அவர்களை உட்காரவைத்து மூன்று தடவை வாசித்த பிறகுதான் காகிதத்தைக் கையைவிட்டு விடுகிறேன். சாய்ந்த ஒரு சிறு கீற்றில் ஒரு குடும்பமே தொங்கும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். அந்தப் படிப்புக்கு மூவரின் பஸ் கூலி, தேத்தண்ணி, பணிஸ் ரொட்டி, அவர்கள் இருவரும் இழந்து நான் ஈடுகட்டிய ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு எட்டு ரூபாய் முப்பது சதம்.